திருத்தம் வந்தும் சேராத கணினிகள்

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த கடும் பாதுகாப்புக் குறை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. எம்எஸ்17-010 என்பது அதன் எண். மே 12 அன்று வன்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் அதே குறையின் வழியாக நுழைந்து, சில நாட்களுக்குள் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பெறுமான பிட்காயின் கேட்டது. திருத்தம் வெளிவந்து 59 நாட்கள் கழிந்த பின்னர் நேர்ந்த கேடு இது. அந்த 59 நாட்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற வினாவுக்கு இன்றளவும் நேரிய விடை இல்லை.

குறையின் தன்மையைச் சற்று விளக்குதல் தகும். ஒரே வலையமைப்பில் உள்ள கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்னும் நெறிமுறை பயன்படுகிறது. அதன் முதற்பதிப்பு 1980களுக்கு உரியது. ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் கோப்புப் பண்புகளை விண்டோஸ் வடிவுக்கு மாற்றும் பகுதி ஒன்று அதில் எஞ்சியிருந்தது. மாற்றத்துக்கு எவ்வளவு இடம் தேவை என்று அப்பகுதி முதலில் கணக்கிடும். அக்கணக்கில் 32 பிட் அளவுள்ள எண் ஒன்றைப் புதுப்பிக்கும்போது, அதன் கீழ்ப்பாதி 16 பிட்டுகளை மட்டும் மாற்றி மேற்பாதியைத் தொடாமல் விட்டது. இதனால் ஒதுக்கிய இடம் சிறிதாகவும் எழுதும் தரவு பெரிதாகவும் ஆயின. நாழியில் மரக்கால் நெல்லைக் கொட்டியதுபோல் தரவு வழிந்து அண்டை நினைவகத்தில் ஏறியது. அந்நினைவகமோ இயங்குதளத்தின் கருப்பகுதிக்கு உரியது. அங்கே எழுத முடிந்தவர் கடவுச்சொல் இன்றியே கணினி முழுவதையும் ஆளலாம். பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை; வலையமைப்பின் 445ஆம் வாயில் திறந்திருந்தால் போதும். ஒரு கணினியில் தொற்றிய தீநிரல் அடுத்ததைத் தானே தேடிச் சென்றது இதனால்தான்.

இக்குறையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் அறிந்திருந்தது. எட்டர்னல் புளூ எனப் பெயரிட்டு அதைத் தாக்குகருவியாக வடித்து, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தியது என்று வாஷிங்டன் போஸ்ட் நாளேடு எழுதியது. கருவி களவுபோனது தெரிந்த பிறகே மைக்ரோசாஃப்டுக்குச் செய்தி சென்றது. ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் எனத் தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார் அதை உலகறிய வெளியிட்டனர். பகைவரின் கணினியில் மட்டும் ஒரு குறையைத் திறந்து வைத்திருக்க எவராலும் இயலாது. அம்முகமை மௌனம் காத்த ஒவ்வொரு நாளும் அதே குறை அமெரிக்கப் பள்ளிகளிலும் நேச நாடுகளின் மருத்துவமனைகளிலும் இருந்தது. நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் குடிமக்களைப் பாதுகாப்பற்றவராக விட்டுவைக்கும் உரிமையை எந்த அரசுக்கும் மக்கள் வழங்கவில்லை.

படைக்கலக் கிடங்கிலிருந்து டோமஹாக் ஏவுகணைகள் திருடுபோவதற்கு இதை ஒப்பிட்டார் மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித். அவர் கூற்றை ஏற்கிறோம். ஆயினும் அவர்தம் நிறுவனத்தின் கணக்கும் தூயதன்று. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திய அந்நிறுவனம், பணம் செலுத்தித் தனி ஒப்பந்தம் செய்தோருக்கு மட்டும் அதற்கான திருத்தங்களை வழங்கிவந்தது. கேடு பரவிய பின்னரே எக்ஸ்பிக்குரிய திருத்தத்தை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை ஒவ்வோர் ஆட்சியாளரும் படிக்க வேண்டியது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 595 பொது மருத்துவர் நிலையங்களில் தீநிரல் புகுந்தது. ஐந்து இடங்களில் அவசர ஊர்திகளை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்ப நேர்ந்தது. மருத்துவரைக் காண நாள் குறிக்கப்பெற்றிருந்தோரில் 19,000க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களுள் புற்றுநோய் ஐயத்துடன் காத்திருந்தோரும் உண்டு. இத்தனைக்கும் மார்ச் 17 அன்றும் ஏப்ரல் 28 அன்றும் எச்சரிக்கை மடல்கள் சென்றிருந்தன. மடல் பெற்றவர் திருத்தத்தை நிறுவினரா என்று அறியும் முறையான ஏற்பாடு மேலிடத்தில் இல்லை. பழி அனைத்தும் முதலில் எக்ஸ்பியின் மேல் சுமத்தப்பட்டது. ஆராய்ந்தபோது, முடங்கியவற்றுள் பெரும்பாலானவை ஆதரவு நடப்பில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் எனத் தெரிந்தது. பரவல் அடங்கியதும் ஆட்சித் திறத்தால் அன்று. தீநிரலுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியைப் பிரித்தானிய ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்தார், அது நின்றது. அவ்வளவே.

மருத்துவமனைக் கணினிப் பிரிவினரைக் குறைகூறி இதை முடித்துவிடுவது எளிது, நேர்மையாகாது. எம்ஆர்ஐ கருவிக்குள் இருக்கும் விண்டோஸை மருத்துவமனை தன் விருப்பப்படி தொட இயலாது. கருவி செய்த நிறுவனம் சோதித்து ஒப்புதல் தரவேண்டும். அது மாதக்கணக்கில் நீளும். திருத்தத்தை நிறுவினால் கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்க வேண்டும். இரவும் பகலும் நோயாளிகள் வரும் இடத்தில் எந்த நேரத்தில் நிறுத்துவது? அவசரத் திருத்தமே கேடாக முடியும் என்ற அச்சமும் பொய்யன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியதை உலகம் கண்டது. ஆகவே, திருத்தத்தை முதலில் சில கணினிகளில் சோதித்து, பின் படிப்படியாக விரிக்கும் ஆளும் கருவியும் பொருளும் வேண்டும். சுருங்கிய நிதியில் இயங்கும் பொது மருத்துவமனைகளில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவே. எச்சரிக்கை மடல் மட்டும் அனுப்பி, அதை நிறைவேற்றும் வகையை வழங்காத அரசு தன் கடமையைச் செய்ததாகக் கூறிக்கொள்ள முடியாது.

வன்னாக்ரைக்குப் பின்னும் உலகம் விழிக்கவில்லை. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிய நாட்பெட்யா என்னும் தீநிரல், எட்டர்னல் புளூவையும் வேறு உத்திகளையும் கொண்டு பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவவேண்டியதாயிற்று. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் நின்றது. உக்ரைனில் எறியப்பட்ட படைக்கலம் நம் கரைவரை வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய இணையத் தாங்குதிறச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மென்பொருள் செய்வோர் பொதுவாக ஐந்தாண்டுகளேனும் பாதுகாப்புக் குறைகளைக் களைந்து தரவேண்டும் என்பது அதன் முதன்மை விதிகளுள் ஒன்று. பெரும்பாலான கடமைகள் 2027 டிசம்பர் முதல் கட்டுப்படுத்தும். வரவேற்கிறோம். ஆனால் அச்சட்டம் பிணிப்பது வணிகரை. குறையைக் கண்டெடுத்து மறைத்து வைக்கும் உளவு முகமைகளை அது தொடவில்லை. அமெரிக்கா தன் முகமைகள் கண்ட குறைகளுள் எவற்றை வெளியிடுவது, எவற்றை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் நெறியை 2017 நவம்பரில் வெளிப்படுத்தியது. 2020 ஜனவரியில் அதே தேசியப் பாதுகாப்பு முகமை விண்டோஸின் மற்றொரு கடுங்குறையைத் தானே முன்வந்து மைக்ரோசாஃப்டுக்கு அறிவித்தது. நல்ல தொடக்கம், எனினும் அது முகமையின் விருப்பத்தைச் சார்ந்த நல்லெண்ணமாகவே நிற்கிறது. அரசு முகமை ஒரு குறையைக் கண்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் ஆக்கியோரிடம் ஒப்படைக்கச் சட்டம் கட்டளையிட வேண்டும். காலம் கடத்தினால், நாடாளுமன்றக் குழுவின் முன் அதன் தலைவர் காரணம் கூறவேண்டும். வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் மட்டுமன்றி, புது தில்லிக்கும் இக்கோரிக்கையை வைக்கிறோம்.