விருந்தினர் முகமும் வீட்டார் விதியும்

பிற நாடு சென்று பணிபுரிவோர்க்கு ஊரோடு ஒத்தோட வேண்டும் என்னும் பழமொழியே பெரும்பாலும் அறிவுரையாகக் கூறப்படுகின்றது. உணவிலும் உடையிலும் பேச்சிலும் இவ்வறிவுரை பயன்தரும் என்பதைக் கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர் பட்டறிவால் உணர்ந்திருப்பர். ஆயினும் ஒத்தோடுதல் எதுவரை? சட்டையை மாற்றுதல் வேறு. முகத்தை மாற்றுதல் வேறு. இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. ஒரு நாட்டு விமானப்படை உத்தியோகத்தர் மற்றொரு நாட்டு விமானப்படையிற் சில ஆண்டுகள் பணிபுரியும் பரிமாற்ற முறையே அது. தமிழாசிரியனுக்குப் படைத்துறையில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். மாணவர் தலைமயிரை நாள்தோறும் நோக்கி அதட்டும் தொழிலில் இருப்பவனுக்கு இப்பொருள் அத்துணை தொலைவானதன்று.

இம்முறையிற் செல்பவர் கூலிப்படையாளர் அல்லர். அவர் வேற்று நாட்டு விமானத்தை ஓட்டுவார். அன்றாடப் பணியில் அந்நாட்டு மேலாளர் சொற்படி நடப்பார். ஆனால் அவருடைய சம்பளமும் பதவி உயர்வும் தண்டனையும் தாய்நாட்டின் கையிலேயே இருக்கும். உடை பற்றியும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஐக்கிய அமெரிக்கா பிற நாடுகளுடன் செய்யும் இத்தகைய உடன்படிக்கைகளில் வழக்கமாகக் காணப்படும் விதி இது: வந்தவர் தம் நாட்டு உடைவிதிகளையே பின்பற்றுவார், ஆனால் எந்த நிகழ்ச்சிக்கு எந்த வகை உடை என்பதில், தாம் சேர்ந்துள்ள பிரிவினர் அணிவதற்கு மிக நெருங்கியதைத் தெரிந்து அணிவார். அவர்கள் விழாவுடை பூண்டால் இவர் தம் நாட்டு விழாவுடை பூணவேண்டும். அவர்கள் வேலையுடையில் நின்றால் இவரும் வேலையுடையில் நிற்கவேண்டும். விருந்தோம்பலும் தன்மானமும் ஒருங்கே பொருந்திய விதி என்று இதனைச் சொல்லலாம்.

இனி, உடையைப் பற்றிய இவ்விதி மயிருக்கும் பொருந்துமா என்பதே சிக்கல். பொருந்தும் என்பது என் துணிபு. அமெரிக்க விமானப்படையின் விதிநூலே உடையும் தோற்றமும் பற்றியது என்று பெயர் பெற்றது. கனேடியப் படைகளின் உடைவிதி நூலும் தலைமயிர், தாடி, மீசை ஆகியவற்றைத் தன்னுள் அடக்கியது. இரு நாட்டாரும் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்துவிட்டு, விருந்தினர் வரும்போது மட்டும் அவ்வேட்டை இரண்டாகக் கிழித்தல் முறையன்று.

கனடாவை எடுத்துக்காட்டியதற்குக் காரணம் உண்டு. கனேடியப் படைகள் 2018 செப்தெம்பரில் தாடி வளர்க்க இசைவு தந்தன. பிரித்தானிய அரச விமானப்படை 2019 செப்தெம்பரில் அவ்வழி சென்றது. அந்நாட்டுத் தரைப்படை 2024இல் பின்தொடர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலோ காற்று எதிர்த்திசையில் வீசுகின்றது. அந்நாட்டுப் படைத்துறைச் செயலாளர் 2025 செப்தெம்பரிற் படைத்தலைவர்களை ஒருங்கழைத்துத் தாடிக்கு இனி இடமில்லை என்று கடிந்துரைத்தார். இவ்விரு நாட்டாரோ ஓரறையில் அமர்ந்து பணிபுரிபவர். 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உறுதிபெற்ற வட அமெரிக்க வான்காப்புத் தலைமையகத்தில் தலைவர் அமெரிக்கர், துணைத்தலைவர் கனேடியர். ஒக்லகோமாவிலுள்ள ரிங்கர் தளத்திலும் கனேடிய விமானப்படையினர் அமெரிக்கரோடு சேர்ந்து பறக்கின்றனர். இதனைப் பரிமாற்றம் என்னாது கூட்டுப்பணி என்பர். எனினும் சிக்கல் ஒன்றே. அருகருகே இருக்கும் இருவருள் ஒருவர் தாடையைத் தடவி மகிழ, மற்றவர் காலைதோறும் சவரக்கத்தியை எடுக்கவேண்டியுள்ளது. மனக்குறை எழாதிருக்குமா?

எழும். ஆனால் அம்மனக்குறையைத் தீர்க்கும் கடமை விருந்தினர் முகத்தைச் சார்ந்ததன்று. அவன் வளர்க்கும்போது நான் ஏன் மழிக்கவேண்டும் என்று கேட்பவன் தன் மேலாளரையே கேட்கிறான். விடை சொல்ல வேண்டியவரும் அம்மேலாளரே. தக்க காரணம் அவரிடம் இருப்பின் கூறட்டும். இல்லையாயின், விருந்தினரை மழிக்கச் செய்வதால் அக்காரணம் பிறந்துவிடாது.

றொபின் ஓல்ட்ஸ் என்னும் அமெரிக்க வீரரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரிற் புகழ்பெற்ற இவர், 1948இற் பரிமாற்ற முறையிற் பிரித்தானியா சென்று, ராங்மியர் தளத்தில் அரச விமானப்படையின் முதலாம் படையணிக்கே தலைவரானார். பிற நாட்டார் ஒருவரை நம்பித் தம் பழம்பெரும் படையணியை ஒப்படைத்த பிரித்தானியரின் பெருந்தன்மையை வியக்காதிருத்தல் இயலாது. பின்னர் வியற்நாம் போர்க்காலத்தில், 1966ஆம் ஆண்டு முதலாகத் தாய்லாந்தின் உபோன் தளத்திலிருந்து போரிட்ட அமெரிக்கப் பிரிவொன்றுக்கு அவர் தலைமை தாங்கினார். அப்பொழுது விதிக்கு அடங்காத பெருமீசை ஒன்றை முறுக்கி வளர்த்தார். அவருடைய வீரர்களுக்கு அது களிப்பூட்டிற்று. 1967இல் நாடு திரும்பியதும் அமெரிக்க விமானப்படைத் தலைவர் மக்கொனல் அதனை எடுத்துவிடுமாறு ஆணையிட்டார். ஓல்ட்ஸ் மறுமொழியின்றிப் பணிந்தார். இன்று அதே விமானப்படையினர் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மீசை வளர்த்து அவரை நினைவுகூர்கின்றனர்! அவர் மீசையை அடக்கியவர் அவருடைய சொந்தப் படைத்தலைவரே என்பதையும் நோக்குக. அவ்வதிகாரம் இருக்கவேண்டிய இடம் அதுவே.

நிற்க. ஒழுங்கு என்பது ஒருமைத் தோற்றத்தில் உள்ளது, ஒருவருக்கு விலக்களித்தால் அணி குலையும் என்பார் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். இக்கூற்று அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது. சிம்கா கோல்ட்மன் என்னும் விமானப்படைக் கப்ரின், படை மருத்துவமனையில் உளவியலாளராக இருந்தவர். யூதர் அணியும் சிறு குல்லாவை அவர் தலையில் வைத்திருந்ததே வழக்காயிற்று. 1986இல் ஐந்து நீதிபதிகள் படையின் பக்கமும் நால்வர் அவர் பக்கமும் நின்றமையால் அவர் தோற்றார். ஆயினும் மறு ஆண்டே அந்நாட்டுக் காங்கிரஸ், அடக்கமான சமயச் சின்னங்களை அணிய இசைவளித்துச் சட்டம் இயற்றியது. அதனால் அணி குலைந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு நெடுங்காலம் முன்னரே சீக்கியர் இதனை மெய்ப்பித்திருந்தனர். 1917இற் பிரித்தானியரின் பறக்கும் படையிற் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக், தலைப்பாகையைக் களைய மறுத்தார். அதன்மேற் பொருந்துமாறு ஒரு பெரிய தலைக்கவசத்தை அணிந்துகொண்டு போர் விமானம் ஓட்டினார். அவ்வாண்டே களத்திற் காயமுமுற்றார். பிற்காலத்திற் சுதந்திர இந்தியாவின் தூதராகப் பிரான்சில் வீற்றிருந்தவரும் அவரே. 1940இற் பிரித்தானியா வந்த மொஹிந்தர் சிங் பூஜி, தலைப்பாகையின்மேலேயே செவிக்கருவியைப் பூட்டிப் பறந்தார். மாற்றுத் தலைப்பாகை ஒன்றையும் உடன் வைத்திருந்தாராம். இவர்கள் இன்றைய பொருளிற் பரிமாற்ற உத்தியோகத்தர் அல்லர். பேரரசின் குடிகளாகச் சென்றவர். குடிகளுக்கே அளித்த இடத்தை நட்பு நாட்டு உத்தியோகத்தருக்கு மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

முகவிதிகள் என்றும் மாறாதவை என்று எண்ணுவோர் இதையும் அறிக. பிரித்தானியத் தரைப்படையில் 1916 வரை மேலுதட்டை மழித்தல் விதிப்படி தவறு, மீசை கட்டாயம். அன்று மீசையின்மை ஒழுங்கீனம். பின்னர்த் தாடி ஒழுங்கீனம். இன்று இரண்டும் இல்லை.

நம் நாட்டில் நிகழ்ந்ததோ இதன் மறுதலை. 1951இல் அமைந்த அரச இலங்கை விமானப்படைக்கு முதல் இரு தலைவர்களும் பிரித்தானியரிடமிருந்து கடனாக வந்தவரே. 1962இலேயே நம் நாட்டவரான றொஹான் அமரசேகர தலைவரானார். நீலச் சாம்பல் நிறச் சீருடையும் பதவிப் பெயர்களும் வந்தவர் வழக்கையே தழுவின. விருந்தினர் விதி வீட்டார் விதியான கதை அது.

இவ்வளவு கூறினும், ஒரு காரணத்துக்கு முன் நான் தலைவணங்குவேன். அஃது உயிர்க்காப்பு. உயரப் பறப்பவர் ஒட்சிசன் முகமூடியின்றி உயிர்வாழார். தாடியினூடே காற்றுக் கசியுமாயின் முகமூடி பயனற்றுப்போம். இங்கு நாட்டுப் பெருமை பேசுதல் பேதைமை. ஆனால் கசியுமா என்பதைக் கருவியால் அளந்து காணலாம். கண்ணாற் கண்டு தீர்ப்பளிக்கத் தேவையில்லை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தார் தாடியுடையோரை அழுத்தம் குறைத்த அறையில் இருத்தி ஆராய்ந்ததில், கேடொன்றும் காணப்படவில்லை. அதன்பின் 2018இல் எயர் கனடா நிறுவனம் தன் விமானிகளுக்கு 12.5 மில்லிமீற்றர் வரை தாடிக்கு இடமளித்தது. பயணிகள் விமானத்துக்குப் பொருந்தியது போர் விமானத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. திடுமெனத் திரும்பும் விசையும் முகமூடியின் அமைப்பும் அங்கே வேறு. அதனாற்றான் ஒவ்வொரு முகத்தையும் அதற்குரிய முகமூடியோடு சேர்த்தே சோதிக்கவேண்டும். அச்சோதனையை உத்தியோகத்தர் மனைவி மக்களோடு கப்பலேறுமுன் தாய்நாட்டிலேயே செய்து, முடிவை உடன்படிக்கைத் தாளோடு இணைத்து அனுப்பலாம். கசிந்தால் அவர் மழித்துக்கொண்டு புறப்படட்டும். கசியாவிடின், தளத்தின் வாயிலில் நிற்கும் சார்ஜன்ட் அவர் கடவுச்சீட்டைப் பார்த்தாற் போதும்.