தேசியக் கொடியில் இருக்கும் கிளி காட்டிலும் தப்புமா? டொமினிகாவின் 'சிசெரு'வுக்கு என்ன ஆபத்து?

உலகில் ஒரே ஒரு தீவில் மட்டுமே வாழும் கிளி இது. அந்த நாட்டின் தேசியப் பறவையும் இதுதான். ஆனா இன்று காட்டில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

எங்கே இருக்கு?

கரீபியன் கடலில் உள்ள சின்னஞ்சிறு தீவு நாடு டொமினிகா. பரப்பளவு சுமார் 750 சதுர கி.மீ. மட்டுமே (டொமினிகன் குடியரசு என்பது வேறு நாடு). 1978-ல் சுதந்திரம் பெற்றபோது சிசெரு கிளியைத் தன் கொடியின் நடுவில் வைத்தது. கிளியின் மார்பில் உள்ள ஊதா நிறம் கொடியிலும் இருக்கிறது. தேசியக் கொடிகளில் ஊதா ரொம்ப அபூர்வம்.

தீவின் உயரமான மலையான மோர்ன் டியாப்ளோடின் (1,447 மீட்டர்) சரிவுகளில் உள்ள மழைக்காடுதான் இதன் முக்கிய வீடு. இந்தக் கிளிக்காகவே 2000-ல் அங்கு தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது.

பூங்கா இருந்தும் ஏன் பிரச்னை?

காட்டுக்கு வேலி போடலாம், புயலுக்குப் போட முடியாது. 1979-ல் டேவிட் புயல் தாக்கியது. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல், மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தில், 5-ம் வகை சூறாவளியாகக் கரை கடந்தது. தீவின் காடுகள் இலையே இல்லாமல் மொட்டையாகின.

காற்றில் தப்பிய கிளிகளுக்கும் அடுத்து பசி காத்திருந்தது. மரத்தில் பழம் இல்லை. உணவு தேடி கீழே இறங்கினால் மனிதர்களிடம் சிக்கும் அபாயம். இன்னொரு சிக்கல், சிசெரு கூடு வைப்பது வயதான பெரிய மரங்களின் பொந்துகளில். அப்படி ஒரு மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். இனப்பெருக்கமும் மெதுவானது. ஒரு முறைக்கு பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும்.

அதே தீவில் வாழும் 'ஜாக்கோ' கிளி தாழ்வான பகுதிகளிலும் பரவியிருக்கிறது, தோட்டப் பழங்களையும் தின்னும். அதனால் அது சிசெருவைவிட நன்றாகவே சமாளிக்கிறது. மலை உச்சிக் காட்டையே நம்பியிருக்கும் சிசெருவுக்கு அந்த வசதி இல்லை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை 'மிக ஆபத்தான நிலை' பட்டியலில் வைத்துள்ளது.

கூண்டில் காப்பாற்றலாமா?

இங்கேதான் சர்ச்சை. 2018-ல் 2 சிசெரு, 10 ஜாக்கோ கிளிகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டன. அடுத்த புயலில் இருந்து காக்கவே என்றது அரசு. நாட்டின் சொத்தை வெளியே அனுப்புவதா என எதிர்ப்பு கிளம்பியது.

புவெர்ட்டோ ரிக்கோவின் அனுபவம் இதில் கவனிக்க வேண்டியது. 1975-ல் அங்கு காட்டில் வெறும் 13 கிளிகளே இருந்தன. கூண்டில் வளர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விட்டார்கள். மரியா புயல் எல் யுன்கே காட்டில் இருந்த கூட்டத்தை அழித்தது. ரியோ அபாஹோவில் இருந்தவை இழப்புகளுடன் தப்பின. எல்லாம் ஒரே காட்டில் இருந்திருந்தால்?

அடுத்து என்ன?

கடல் சூடாகும்போது தீவிரப் புயல்கள் அதிகரிக்கும் என விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஆக, இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைக்கும் அவகாசம்தான் முக்கியம். அதற்குள் பெரிய மரங்கள் மீள வேண்டும், குஞ்சுகள் தேற வேண்டும். கூண்டு கொஞ்சம் நேரம் வாங்கித் தரலாம். ஆனா திரும்பிப் போகக் காடு இல்லையென்றால், சிசெரு கொடியில் மட்டும்தான் மிஞ்சும்.