கூண்டின் அடியில் ஒரு செய்தி

சென்ற திங்களில் ஒரு காலை, நம் இல்லத்துச் சிறுமி லவ் பேர்ட்ஸ் கூண்டருகே நின்று அழுதாள். எச்சத்தில் சிவப்பு! குருதியென்றே நாமும் அஞ்சினோம். முந்திய மாலை அவள் ஊட்டிய பீட்ரூட் துண்டு பின்னரே நினைவுக்கு வந்தது. அதனை நிறுத்தினோம், மறுநாள் பழைய நிறம் திரும்பியது.

பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: குடலின் கழிவு, சிறுநீரகம் பிரித்தனுப்பும் வெண்ணிற உப்பு, தெளிந்த நீர். உணவுக்கேற்பக் கழிவின் நிறம் மாறும். தினை உண்ணும் பறவைக்குப் பச்சை. ஆலைத் தீவனம் உண்பதற்குப் பழுப்பு. கீரையும் பழமும் மிகுந்தால் நீர் பெருகும், அது வயிற்றுப்போக்கன்று.

ஆயினும், எல்லாவற்றிற்கும் உணவே காரணமென வாளாவிருத்தல் தவறு. உணவை மாற்றிய மறுநாளும் சிவப்பு நீங்காவிடினும், வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றினும், எச்சம் தார்போல் கறுப்பினும், செரியாத தினை வெளிவரினும், உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. அது சோர்ந்து அமர்ந்தபின் விழித்தெழுந்தால் காலம் கடந்திருக்கும்.

ஆகவே, கூண்டின் அடியில் நாள்தோறும் வெள்ளைத்தாள் விரித்து நோக்குவோம். நம்மை நம்பி வாழும் வாயில்லா உயிர் நமக்கெழுதும் மடல் அதுவே.