கோப்பை கழுவியவருக்குக் குசினியில் இடமில்லையாம்

சமையல் திறன் வேண்டாத வேலை என்று பிரிட்டன் 2025 ஜூலை 22இல் முடிவுகட்டிவிட்டது. வேறெப்படி இதை வாசிப்பது? பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழ் என்று வகுக்கப்பட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய தொழில் விசா கிடையாது. சமையல்காரரும் அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டார்.

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் எத்தனையோ பேருக்குத் தொழில் இப்படித்தான் தொடங்கியது. படிக்க வந்தவர் வாரத்துக்கு 20 மணி நேரம் கோப்பை கழுவினார். வெங்காயம் உரித்தார். பிறகு தோசைக் கல்லுக்கு வந்தார், கொத்துரொட்டி போட்டார், கறி அடுப்பைப் பொறுப்பெடுத்தார். படிப்புக்குப் பிந்திய இரண்டாண்டு விசாவும் தீர்கிற வேளையில் முதலாளி அவரைச் சமையல்காரராகவே விசாவுக்கு எழுதிக்கொடுத்தார். அந்தக் கடைசிப் படியைத்தான் கழற்றியிருக்கிறார்கள். அவர் கையில் முதுகலைப் பட்டமே இருக்கலாம், பலனில்லை. பட்டம் ஆளுக்கு இருந்தால் போதாதாம், வேலைக்கும் இருக்க வேண்டுமாம்!

மார்கோ பியர் வைட் எந்தத் தகைமையும் இல்லாமல் பள்ளியை விட்டு ஹாரோகேட் ஹோட்டல் குசினிக்குள் நுழைந்தவர். 1995இல், 33 வயதில், மூன்று மிஷெலின் நட்சத்திரங்களை எட்டிய முதல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஆனார். சமோவாவில் பிறந்த மோனிகா கலெட்டி 1999இல் லண்டன் லெ கவ்ரோஷ் உணவகத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தவர். அங்கேயே தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்து, பின்னர் தொலைக்காட்சியில் மற்றச் சமையல்காரர்களுக்கு நடுவரானார். இதில் எந்தப் பட்டத்தைத் தேடுவது?

விசா விதி வகுக்கும் ஆட்சியாளர்களின் பழைய கணக்கும் நல்லதில்லை. 2011இல் உள்ளூர் இளைஞருக்குக் கறி சமைக்கக் கற்றுத்தரக் கல்லூரிகள் என்று முழங்கினார்கள். படிக்கப் போதிய ஆள் வரவில்லை. பார்சல் விற்கிற கடைக்குப் ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியல் தரும் விசா சலுகை இல்லை என்ற விசித்திர விதியை 2019 வரை கட்டிக் காத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் ஆசியச் சமையல்காரர் வரவு எளிதாகும் என்று 2016இல் கறிக்கடைக்காரரிடம் வாக்குக் கேட்டவர்களும் உண்டு. 2024 ஏப்ரலில் தொழில் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஒரே தாவலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700. இட்லி விற்கிறவர் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? ஆட்சி மாறியது, மேசையில் இருக்கிற புத்தி மாறவில்லை.

ஏற்கெனவே விசாவில் இருப்பவர்கள் தொடரலாம் என்று விட்டிருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெறும்போது அடுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. குசினியில் கழிந்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்கிற ஏதாவதொரு வழியைப் பார்க்கட்டும். அதற்கு முன், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, தோசைக் கல்லின் முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.