ஞானஸ்நானத் தண்ணீரும் ஜாதி அழுக்கும்

கோடைக்கானலில் வருஷந்தோறும் ஆகஸ்டு மாதம் சலேத் மாதா கோயில் திருவிழா நடப்பது யாவரும் அறிந்ததேயாகும். 1846-ம் வருஷம் பிரான்சு தேசத்து சலேத் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதுகொண்டே காட்சி கொடுத்தாள் என்றும், எப்போதோ ஒரு சமயம் மாத்திரம் ஓடிக்கொண்டிருந்த ஊற்று அன்று முதல் வற்றாமல் ஓடுகிறது என்றும் சொல்லப்படுகிறது. 1860-களில் சென்சீர் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அந்த மாதாவின் பெயரால் நமது மலையில் கோயில் கட்டினார்.

அதே காலத்தில், அதாவது 1863-ல், மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை அதே ஊரில் ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்துக்குக் கரை போட்டு ஏரி உண்டாக்கினார். அந்த ஏரி வழிந்துவரும் தண்ணீர்தான் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. இதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை. கரை போட்ட மண்வெட்டிக்குத் தேரும் இல்லை, மாலையும் இல்லை!

நிற்க, ஊற்று ஏன் ஓடுகிறது என்று வழக்காடுவது நமது நோக்கமன்று. தண்ணீருக்குக் கிறிஸ்தவ மதம் கொடுத்திருக்கும் யோக்கியதை நமது நாட்டில் என்ன வேலை செய்தது என்பதே கேள்வி.

ஞானஸ்நானத்தில் தண்ணீருக்குள் மூழ்குவது மரணமாம். எழுந்து வருவது மறுபிறப்பாம். முழுக்குப் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை என்ற பேதம் கிடையாது என்று பவுலும் எழுதியிருக்கிறார். கருத்து நல்ல கருத்துத்தான். பிறவியினாலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று சொல்லும் நாட்டிலே, "நீ மறுபடியும் பிறக்கலாம்" என்று சொல்வதைப்போல ஆறுதலான வார்த்தை வேறு ஏது? ஏழை ஜனங்கள் அதை நம்பிப் போனதில் குற்றமே இல்லை.

ஆனால் நடந்தது என்ன? 1606-ல் மதுரைக்கு வந்த நோபிலி பாதிரியார் காலந்தொட்டே மேல்ஜாதியாருக்கு ஒரு தினுசு, கீழ்ஜாதியாருக்கு ஒரு தினுசு என்றாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அக்காலத்து ரோமாபுரிச் சடங்கின்படி தண்ணீரோடு உப்பும் வேண்டும், குருவானவருடைய எச்சிலும் வேண்டும். எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைப்பார்கள். நம்மவர்கள் இதை அருவருத்தபடியால் பாதிரிமார்கள் எச்சிலை விட்டுவிட்டார்கள். அதற்காக 1704-ல் போப்பின் தூதராகிய துர்னோன் என்பவர் புதுச்சேரியிலிருந்து, எச்சிலை விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதே உத்தரவில், நோயாய்க் கிடக்கும் ஆதிதிராவிடர் வீட்டுக்குள் போய்ச் சடங்கு செய்யவேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இது நியாயமான உத்தரவு. நாற்பது வருஷ காலம் இந்த வழக்குகள் நடந்து, 1744-ல் முடிந்த முடிவு யாதெனில், ஆதிதிராவிடர்களுக்கென்று தனிப் பாதிரிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்! தண்ணீர் ஒன்று, ஊற்றுகிற கை இரண்டு.

வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் ஜாதிக்காக எழுப்பிய சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே?

கோடைக்கானலில் 1845-ல் முதல் முதல் பங்களா கட்டியவர்கள் மதுரை அமெரிக்கன் மிஷன் புரோடெஸ்டண்டுப் பாதிரிமார்கள். அவர்கள் 1847-ல் தங்கள் சபையாரிடம் ஜாதி போயிற்றா என்று சோதித்தார்கள். எப்படிச் சோதித்தார்கள்? தாழ்ந்த ஜாதியார் சமைத்த சோற்றைச் சாப்பிடச் சொன்னார்கள். சபை வேலைக்காரர்களிலேயே பலர் சபையை விட்டாலும் விடுவோம், சோற்றைத் தொடோம் என்றார்கள். ஆகவே தண்ணீரால் ஜாதி போகவில்லை என்பது பாதிரிமார்களுக்கே தெரிந்திருந்தது என்றுதான் ஏற்படுகிறது. அவர்கள் செய்த காரியத்தில் நாம் மெச்சுவது அந்தச் சோதனையைத்தான்.

இதைக் கேட்டு வைதீக இந்துக்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனியிலே ஷண்முகநதியில் முழுகிவிட்டுத்தான் பக்தர்கள் படியேறுகிறார்கள். எத்தனை முழுக்குப் போட்டாலும் கோயில் அர்ச்சகர் ஆவதற்கு அந்தத் தண்ணீர் போதாது, பிறப்பு வேண்டும் என்று வழக்காடுகிற கூட்டம் இன்னமும் இருக்கிறதல்லவா?

ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரை முழுக்க நம்பிய ஒருவர் உண்டு. அவர்தான் இந்திய சர்க்கார்! 1950-ல் போட்ட உத்தரவின்படி இந்துவாக இருப்பவர் மாத்திரமே ஷெட்யூல்டு ஜாதியார். 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிவிட்ட ஆதிதிராவிடருக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில் பிற்பட்ட வகுப்பில் வைத்திருக்கிறார்கள். ஊராருக்கு அவர் பழைய ஜாதி, கல்லறைத் தோட்டத்திலும் பல இடங்களில் பழைய ஜாதி, உத்தியோக மனுப் போடும்போது மாத்திரம் புதுப்பிறவி!

ஒரு கை தண்ணீரில் ஜாதி போய்விட்டதென்று டில்லியில் உள்ளவர்கள் மெய்யாகவே நம்பினால், அந்தத் தண்ணீரை எந்தக் கிணற்றில் இறைத்தார்கள் என்று காட்டட்டும். நாமே குடத்தை எடுத்துக்கொண்டு வரத் தயார்.