ஒரு ரன் இடிக்குது

வங்கியில சேர்ந்த புதுசுல, சாயங்காலம் கணக்கு ஒரு ரூபாய் இடிச்சாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. லெட்ஜரைப் புரட்டிப் புரட்டித் தேடுவோம். எப்படியும் ராத்திரிக்குள்ள அகப்பட்டுடும். ஆனா 2019 மே 12ஆம் தேதி ராத்திரி தொலைஞ்ச ஒரு ரன்னை இன்னிக்கு வரைக்கும் தேடிக்கிட்டிருக்கேன் சாமி!

ஐபிஎல் இறுதிப்போட்டி. சேப்பாக்கத்துல நடக்கவேண்டியது, மூணு கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காம ஹைதராபாத்துக்குப் போச்சு. மும்பை 149. கடைசி ஓவர்ல சென்னைக்கு 9 ரன் வேணும், பந்து மலிங்கா கையில. 80 அடிச்ச வாட்சன் நாலாவது பந்துல ரன் அவுட். கடைசிப் பந்துல ரெண்டு ரன் வேணும்கறப்போ ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. 148ல கதை முடிஞ்சுது.

நான் பார்த்துக்கிட்டிருந்தது மும்பை முலுண்ட்ல, எங்க வீட்டு ஹால்ல. இதே தோல்வியை ஊர்ல இருந்து பார்த்திருந்தா தெருவே சேர்ந்து புலம்பியிருக்கும். தோனி ரன் அவுட்டா இல்லையான்னு டீக்கடையில ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம். இங்க பட்டாசுச் சத்தம்! எதிர்வீட்டு மராத்திப் பெரியவர் பேடா டப்பாவோட வந்து நிக்கிறார். முன்கூட்டியே வாங்கி வச்சிருந்திருக்கார் மனுஷன்! எல்லாத்துக்கும் மேல, என் சோபா மேலயே ஒருத்தன் எகிறிக் குதிச்சுக்கிட்டிருந்தான். என் பையன்.

எனக்கு மாற்றல் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 2008ல இங்க பொறந்தவன். ஐபிஎல்லுக்கும் அவனுக்கும் ஒரே வயசு. "டேய், நீ நம்ம ஊர்க்காரன்டா"ன்னு கத்திட்டு டிவியை அணைச்சுட்டேன். கோப்பை குடுக்கறதைக்கூடப் பார்க்கவிடலை. "நீதானேப்பா வெளியூரு? நான் இந்த ஊருதானே?"ன்னான். கண்ணெல்லாம் தண்ணி. தங்கமணி ஒண்ணும் பேசாம அவனைக் கூட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்குத் தூக்கம் வரலை.

மறுநாள் லோக்கல் ரயில்ல யோசிச்சுப் பார்த்தேன். தோத்த பதினோரு பேர்ல தமிழ்நாட்டுக்காரர் எத்தனை பேர்? ஒருத்தர்கூட இல்லை! கடைசிப் பந்தைச் சந்திச்ச தாக்கூர் இங்க பக்கத்துல பால்கர்காரர், ரஞ்சி ஆடறதே மும்பைக்கு. வேலைக்காக அவர் சென்னைக்குப் போனார், நான் மும்பைக்கு வந்தேன். ரெண்டு பேருமே மாற்றல் கேஸ்தான். வாட்சன் முழங்கால்ல ரத்தம் வழிய ஆடினதும், ஆறு தையல் போட்டதும் அன்னிக்குத்தான் ஹர்பஜன் சொல்லி வெளிய வந்தது. அந்த ஆஸ்திரேலியருக்கு எது சொந்த ஊர்?

அப்போ நான் வருத்தப்பட்டது யாருக்காக? 'சென்னை'ங்கற பேருக்காக. இத்தனைக்கும் நான் தஞ்சாவூர்க்காரன். இங்க வந்தப்புறம் ஊர்னா அந்தப் பேருதான்னு ஆயிடுச்சு. காமர்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், இதுக்குப் பேரு குட்வில். கையால தொடமுடியாது, ஆனா ஐந்தொகையில சொத்துப் பக்கம்தான் நிக்கும்.

ஆபீஸ்ல, "இந்த ஊர் உப்பைத் தின்னுட்டு அந்த ஊருக்குக் கை தட்டறீங்களே"ன்னு கேக்கறாங்க. ஊர்ல இருந்து அப்பா, "பேரனை இப்படியா வளர்த்தே"ன்னு கேக்கறார். என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு. சம்பளம் குடுக்கற ஊருக்கு உழைப்பையும் வரியையும் ஒழுங்கா குடுத்தாச்சு. கைதட்டல் அந்தக் கணக்குல வராது. அதே மாதிரி, குட்வில்லைத் தனியா பிரிச்சுக் கைமாத்தவும் முடியாது. தொழிலோட சேர்ந்துதான் போகும். அந்த ஊர்த் தெருவுல விளையாடற வாழ்க்கையை அவனுக்குக் குடுக்காம, பிரியத்தை மட்டும் அவன் பேருக்கு எழுதி வைக்க நான் யாரு?

2023 இறுதிப்போட்டியில ஜடேஜா கடைசிப் பந்துல நாலு அடிச்சப்போ மணி ராத்திரி ஒன்றரைக்கு மேல. பையனும் கூடவே முழிச்சிருந்தான். "ஜெயிச்சுட்டீங்கப்பா"ன்னு கை குடுத்தான். "ஜெயிச்சுட்டோம்"னு சொல்லலை. நானும் திருத்தலை.

பி.கு: அன்னிக்கு டிவியை அணைச்சதுக்கு மட்டும் மன்னிப்பு கேட்டுட்டேன். நாலு வருஷம் லேட்டு. :-)