கணக்குக் காட்டாத புகை

“தீக்குச்சி உரசும் ஓசை கேட்கிறதா? இலை கருகும் ஓசை? கண்ணை மூடிக் கேள். பத்தே நிமிடத்தில் உறங்கிப் போவாய்!”

நண்பன் இப்படிக் கூறிக் கைப்பேசியை என் கையிலே கொடுத்தான். அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் 120 திருத்திக் களைத்திருந்தேன். தலை கனத்தது, உறக்கம் மட்டும் வரவில்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டேன். கண்டேன் காட்சியை!

தோல் தைத்த சாய்வு நாற்காலி. அதிலே நரை கலந்த தாடியுடன் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்திலே கணப்பு, வெளியே மழை. அவர் பேசவில்லை. சுங்கானின் வாயிலே இலையை இட்டுச் சிறு கருவியால் மெல்ல மெல்ல அழுத்துகிறார். குச்சி உரசுகிறது. நெருப்பு பற்றும்போது உலர்ந்த சருகின் மேல் எறும்பு ஊர்வது போல ஓர் ஓசை. ‘ப்ப்’ என்று இதழ் பிரியும் ஓசை. நீண்ட மூச்சு. மறுபடி மௌனம். மற்றொரு காணொளியிலே சுருட்டு: அதன் நுனியைக் கத்தரிக்கும் ‘நறுக்’, விரல்களிடையே உருட்டும் ‘சரசர’. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. ஒரு மணி நேரம் ஓடுவனவும் உண்டு.

பொய் சொல்ல மாட்டேன் தோழர்களே! இனித்தது. தலையின் பாரம் இறங்கியது. இரண்டு கிழமைகள், இரவு தோறும், அந்தத் தாடிக்காரரின் புகையோசையே எனக்குத் தாலாட்டாயிற்று. பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுபவன், வகுப்பிலே புகையின் தீங்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன், இரவிலே புகையின் மடியில் தலை வைத்துப் படுத்தான்!

ஓர் இரவு காதுக்கருவியின் மின்கலம் தீர்ந்தது. புகையோசை நின்றது. வேறோர் ஓசை கேட்டது.

திண்ணையிலே என் தந்தையின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு விசில். வெளியே விடும்போது ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு கரகரப்பு. நடுவே இருமல், நெஞ்சைப் பிளக்கும் இருமல். ஏரிப் பாசனத்து வயல்களிலே கூலிக்கு உழைத்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். வரப்பிலே குந்தி அவர் பிடித்த பீடிகளுக்கு 30 ஆண்டுக் காலம். நுரையீரல் அடைப்பு நோய் என்றனர் மருத்துவர்கள். பீடியை விட்டுவிட்டார், பீடி அவரை விடவில்லை. இரண்டு கிழமைகளாக அந்த மூச்சு எனக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ஒரு சீமானின் மூச்சைக் கேட்பதற்காக என் தந்தையின் மூச்சுக்குக் காதை அடைத்திருந்தேன் நான்.

அன்றுதான் உறக்கம் போய் விழிப்பு வந்தது. ஆராயத் தொடங்கினேன்.

இவ்வகைக் காணொளிகளை ‘ஏ.எஸ்.எம்.ஆர்.’ என்று அழைக்கின்றனர். 2010இல் ஜெனிபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி சூட்டிய பெயர். கிசுகிசுப்பு, தாள் புரட்டல், தலைமுடி வாரல் போன்ற மென்மையான ஓசைகளைக் கேட்கும்போது சிலருக்கு உச்சந்தலையில் ஒரு கூச்சம் தோன்றிப் பிடரி வழியே இறங்குகிறது. உள்ளம் அமைதி அடைகிறது. கட்டுக்கதை அல்ல இது. இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வுணர்வு உடையோருக்குக் காணொளி பார்க்கையில் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 துடிப்பு குறைந்ததாகக் கூறுகிறது. நல்லது. ஓசை இதயத்தை அமைதிப்படுத்துகிறது. ஒப்புக்கொள்வோம்.

புகையிலை என்ன செய்கிறது? அதிலுள்ள நிக்கோட்டின் இதயத் துடிப்பை ஏற்றுகிறது. குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. ஓசை இறக்கி வைப்பதைப் புகை ஏற்றி வைக்கிறது! ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்து, ‘பாரீர், சுங்கான் தரும் சாந்தி!’ என்று காட்டுவதை என்னென்பது? அமைதி தந்தது மழை. அமைதி தந்தது மௌனம். அமைதி தந்தது அவசரமின்றி அசையும் இரு கைகள். பாராட்டை வாங்கிக்கொண்டு போவது புகையிலை! உழுதவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போகிறவன் மற்றொருவன் என்ற பழைய அநீதிதான், புதிய திரையில்.

“புகைத்தால் மனம் இலேசாகிறதே” என்பார் உண்டு. இலேசாகிறதுதான். முன்பு பிடித்த புகையின் நஞ்சு உடலில் வடியத் தொடங்கியதும் படபடப்பு வருகிறது. அடுத்த புகை அந்தப் படபடப்பைத் தற்காலிகமாக அடக்குகிறது. தானே வைத்த முள்ளைத் தானே பிடுங்கிவிட்டு வைத்தியச் சம்பளம் கேட்பவனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர்?

“சிகரெட்டும் பீடியும் கேடுதான், சுருட்டு அப்படியல்ல, புகையை உள்ளே இழுப்பதில்லையே” என்று இன்னொரு சாரார். பெரிய சுருட்டு ஒன்றிலே ஒரு சிகரெட்டுப் பெட்டி அளவு புகையிலை இருப்பதுண்டு. நுரையீரலுக்குப் போகாவிட்டால் வாய் இருக்கிறது, குரல்வளை இருக்கிறது, உணவுக்குழாய் இருக்கிறது. புற்றுநோய்க்கு வாசல்களா இல்லை?

உண்மையிலே சுருட்டுக்கு இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? நம் மண்ணிலிருந்தும் போயிற்று, தோழர்களே! திண்டுக்கல் வட்டாரத்து இலை, உறையூர்த் தொழிலாளர் விரல்களில் உருண்டு, ‘டிரிச்சினாப்பொலி’ என்ற பெயருடன் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய 1887ஆம் ஆண்டுக் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைக் கண்டு ‘இது திருச்சிச் சுருட்டு’ என்று துப்புத் துலக்குகிறான் அந்தத் துப்பறிவாளன். சாம்பல் இலக்கியத்தில் இடம் பெற்றது. சுருட்டியவன் பெயர் எந்தக் கதையிலும் இல்லை. இன்றும் அப்படித்தான். நெல்லை, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் வீட்டு வாசற்படியில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மார்களைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தூள் நாள் முழுதும் மூக்கில். குனிந்த முதுகு நிமிர்வதற்குள் பொழுது சாய்கிறது. இவர்களுக்கென 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. இலை மடிக்கும் ஓசை அங்கேயும் உண்டு, கத்தரியின் நறுக்கொலியும் உண்டு. நான் பார்த்த காணொளிகளில் அந்த ஓசை ஒன்றுகூட இல்லை. சீமான் ஊதினால் கலை. ஏழை சுற்றினால் காது கேட்காது!

நஞ்சுக்கு நகை பூட்டுவது நமக்கும் புதிதன்று. அமெரிக்கக் கண்டத்து இலை இது, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. வந்த சில தலைமுறைக்குள் அதற்குத் தெய்வப் பிறப்பே கற்பித்துவிட்டனர் நம் புலவர்கள். சீனிச் சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்றொரு நூல் செய்தார். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விடுகிறார்! மூன்று தேவர்களும் வழக்காடியதாகவும், வில்வமும் துளசியும் வெள்ளத்தோடு போகப் பிரமனின் இலையாகிய புகையிலை மட்டும் தப்பியதாகவும் கதை. அன்று புராணம் பூட்டிய நகை; இன்று ஒளிப்படக் கருவி பூட்டுகிறது. புலவரின் தமிழையேனும் சுவைக்கலாம். இதில் அதுவும் இல்லை.

எங்கள் உத்திரமேரூரின் பெருமையை உலகம் அறியும். 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்தனர். அந்தச் சபையிலே எல்லோருக்கும் இடமில்லை என்பது வேறு கதை. அதைப் பிறிதொரு நாள் பேசுவோம். ஆனால் ஒரு விதி என்னை ஈர்க்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது; அவன் உறவினர் பெயரும் கூடாது. மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டும்போதெல்லாம் அந்த விதியைத் தொட்டுக் காட்டுவேன்.

இனிக் கேட்கிறேன்: அந்த இன்பக் காணொளி கணக்குக் காட்டியதா? இந்திய நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.5 இலட்சம் பேரைப் புகையிலை பலி கொள்கிறது. எந்தத் தாடிக்காரர் புகையை விட்ட பிறகு இருமினார்? எந்தக் காணொளியில் சளி துப்பும் கிண்ணம் தெரிகிறது? வரவு மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் ஏடு இது.

சட்டம் என்ன செய்கிறது? 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. 18 வயது நிரம்பாதோருக்கு விற்கக் கூடாது என்றது. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் கடையே கூடாது என்றது. 2012 முதல் திரைப்படத்தில் புகைத்தால் எச்சரிக்கை வாசகம் வரவேண்டும். 2023 செப்டம்பர் முதல் இணையவழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் அவ்விதி நீண்டது. ஆனால் வீட்டிலே தனியே ஒளிப்படக் கருவியை வைத்துக்கொண்டு ஊதுகிறவருக்கு அந்த வேலி எட்டவில்லை. பெட்டிக் கடையை 100 கெஜத்துக்கு அப்பால் தள்ளினோம். மாணவன் சட்டைப் பைக்கும் அவன் நெஞ்சுக்கும் எத்தனை கெஜம்?

“பார்ப்பதால் கெட்டுவிடுவார்களா?” என்று கேட்கலாம். திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளைஞர் புகைக்கத் தொடங்குவதற்குக் காரணமாகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை ஆராய்ந்து முடிவு கூறியது. அறிக்கை வரை போவானேன்? ஒன்பதாம் வகுப்பிலே ஒரு பையன், சுண்ணக்கட்டியை இரு விரலிடையே வைத்து, கண்ணை அரைவாசி மூடி, ‘ப்ப்’ என்று இதழ் பிரித்தான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ‘ப்ப்’ எனக்குப் பழக்கமான ஓசை.

காஞ்சிக்கு அருகே காரப்பேட்டையிலே புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதன் வாயிலில் உள்ள பெயர் அறிஞர் அண்ணாவினுடையது. 1968இல் நியூயார்க்கில் அறுவை. 1969 பிப்ரவரி 3இல் மறைவு. நோய், உணவுக்குழாய்ப் புற்று. பொடியும் புகையிலையும் அவருக்குப் பழக்கம் என்பதை அவரோடு பழகியோர் மறைத்ததில்லை. அதுவேதான் காரணம் என்று தீர்ப்பெழுத நான் மருத்துவன் அல்லன். ஆனால் 59 வயதில் அடங்கிய அந்தக் குரலை எண்ணும் எவனுக்கும் தொண்டை வழியே இறங்கும் புகை இன்னிசையாகக் கேட்குமா? எனக்குக் கேட்டதே என்றுதான் வெட்கம்.

காணொளித் தளங்களுக்கும் அரசுக்கும் கேட்பது இதுதான்: படத்துக்கு இட்ட எச்சரிக்கையை இதற்கும் இடுங்கள், சிறுவர் கண்ணில் படாமல் வயது வேலி கட்டுங்கள். ஓசையைத் தடுக்க வேண்டாம். களைத்தவனுக்கு அது தேவை. ஓசைக்குப் புகை எதற்கு? மதகு திறந்ததும் வைரமேகத் தடாகத்திலே நீர் இறங்கும் ஓசை இல்லையா? காஞ்சித் தறியின் ஓசை இல்லையா?

மாணவர்களிடம் இதைச் சொன்னேன். உங்கள் வீட்டில் கேட்கும் நல்ல ஓசை ஒன்றைப் பதிவு செய்து வாருங்கள் என்றேன். சுண்ணக்கட்டிப் பையன் தன் ஆயா முறத்தில் நெல் புடைப்பதைக் கொண்டுவந்தான். எட்டு நிமிடம். நடுவிலே கோழி ஒன்று கத்துகிறது. ஆயா அதை விரட்டுகிறாள்.

இரவு திண்ணையில், காதுக்கருவி இல்லாமல், அதை ஒலிக்கவிட்டேன். தந்தை தலையைத் தூக்கி, “யார் ஊட்டுல பொடைக்கிறாங்க?” என்றார். சொன்னேன். “இன்னொரு தபா போடுப்பா” என்றார்.